தளம்

மான்டெவிடியோவில், பலெர்மோ பகுதியில்,
மூன்றாவது தளத்தில் குடியிருக்கும் நொயெமி எச்செவெரி
ஒரு தளம் தேடிக்கொண்டிருந்தாள்.
ஆகஸ்ட் மாதம். ஜன்னல் இடுக்கில் செருகிய செய்தித்தாளை
ஆற்றுக்காற்று தின்றுகொண்டிருந்தது.
அந்த ஊளை அவளுக்கு இல்லை.
தம்பி வாஷிங்டன்தான்
எழுந்து எழுந்து போய் அடைத்தான்.

பன்னிரண்டு பாடங்கள். ஒவ்வொன்றும் ஒன்பது நிமிடம்.
சமையலறைச் சுவரில் நீலப் போர்வையை ஆணியடித்து,
மோதிரங்களைக் கழற்றிவைத்து,
இரண்டு கையும் முகமும் மட்டும் பேசும்படி எடுத்தவை.
உருகுவாய் சைகைமொழி, தொடக்கநிலை.

முதல் தளம் பதினான்கு நாள் இலவசம் என்றது.
ஏற்றினாள். சிவப்புக் கட்டம் வந்தது:
உங்கள் காணொளியில் ஒலி இல்லை.
ஒலிவாங்கியைச் சரிபார்க்கவும்.
சரிபார்த்தாள்.
கைகள் இரண்டும் நன்றாகத்தான் இருந்தன.

இரண்டாவது தளம் பெரிய மனசு பண்ணி
தானாகவே பின்னணியில் பியானோ போட்டது.
பல் ஆஸ்பத்திரியில் காத்திருக்கிற மாதிரி இருக்கிறது,
என்று தம்பி கன்னத்தைப் பிடித்துக் காட்டினான்.
அதை நீக்க
மாதம் இருபத்தொன்பது டாலர்.
இல்லாததை இல்லாமலே வைத்திருக்க
இவ்வளவு ஆகுமா?

மூன்றாவதில் நூற்றுக்கு முப்பது கமிஷன்.
பேசிப் பார்க்கலாம் என்றான்.
பேசுவது என்று வந்தால்
அந்த வீட்டில் எப்போதும் அவன் தலையில்தான் விடியும்.
வங்கிக்கு, எரிவாயுக்காரனுக்கு, வாடகைக்காரனுக்கு
எட்டு வயதிலிருந்து அவன்தான் அவள் டெலிபோன்.

போகோத்தாவிலிருந்து ஒரு பெண்குரல் தேன் குழைத்தது:
கணக்கு யார் பெயரில்?
அக்கா பெயரில்.
அப்படியானால் அவங்க குரல் வேணும் சார்,
பாதுகாப்பு விதி.

நொயெமி மாத்தேக் குடுவையைக் கீழே வைத்தாள்.
போனை வாங்கி வாயருகே பிடித்து
ஒரு நிமிடம் முழுக்க
மூச்சு மட்டும் விட்டாள்.
பிறகு ஷூ காலால்
பலகைத் தரையை ஓங்கி மூன்று முறை மிதித்தாள்.

பள்ளிக்கூடத்தில் அவர்கள்
ஒருவரையொருவர் கூப்பிட்டது அப்படித்தான்.
பலகை வழியே ஓடி, உள்ளங்காலில் ஏறி,
முதுகைத் தட்டுகிற கூப்பாடு.

கீழ்வீட்டு ஒதில்யா
துடைப்பக் கட்டையால் பதிலுக்கு இடித்தாள்.
போகோத்தா, ஹலோ என்றது. ஹலோ, ஹலோ.
பாவம், அந்த மொழி அவளுக்குத் தெரியாது.

(எங்கோ ஒரு மொழியில்
இந்தக் கருவிக்குக் கைபேசி என்று பெயர்.
இவளைப் பார்த்திருந்தால்
அந்தப் பெயரை இவளுக்கு விட்டுவிட்டு
வேறு தேடியிருப்பார்கள்.)

அவள் வேண்டியது இரண்டே:
பாடம் பாதி வேகத்தில் ஓட வேண்டும்.
படிக்கிறவர் எழுதிவிட்டுத் தப்பிக்கக் கூடாது,
கையால் பதில் சொல்ல வேண்டும்.

ரொசாரியோவில் ஐந்து பேர் கூட்டாக நடத்துகிற தளம் ஒன்று.
வாடின கத்தரிக்காய் நிறம்.
முகப்பிலேயே எழுத்துப்பிழை.
செவ்வாய்க்கிழமைகளில் படுத்துக்கொள்ளும் என்று
பெயர் வாங்கியிருந்தது.
ஆனால் கட்டணம் பெசோவில்.
மாணவர் காணொளிக்குத் தனிக் கட்டம்.
ஒலி இருக்கிறதா என்று
அது கேட்கவே இல்லை.
அவளும் கேட்பதில்லை.
பத்துக்கு எட்டுப் பொருத்தம்,
முடித்துவிடலாம்.

செப்டம்பர் ஒன்பது.
முதலில் பணம் கட்டியவர் சால்ட்டோவில் பஸ் ஓட்டுகிற
நெல்சன் பிதெகைன்.
தினமும் ஆறேகாலுக்கு ஏறுகிற ஒரு பையனிடம்
இரண்டு வார்த்தை பேச வேண்டுமாம்.

அவருடைய முதல் வீட்டுப்பாடம்
ஓட்டுநர் இருக்கையிலிருந்தே வந்தது.
சட்டைக் கையை மடித்துவிட்டு,
தடித்த விரல்களை ஒருமுறை முறைத்துவிட்டு,
மிகுந்த மரியாதையோடு சொன்னார்:
என் வெங்காயம் நெல்சன்.

அவள் பாதி வேகத்தில் ஓட்டிப் பார்த்தாள்.
இன்னொரு முறை.
கட்டைவிரல் ஓர் அங்குலம் இறங்கினால் போதும்,
பெயராகிவிடும்.
சிரிப்பு தாங்காமல்
கால் தன்பாட்டுக்குத் தரையை உதைத்தது.

கீழே ஒதில்யா
துடைப்பத்தைத் தேடினாள்.